வழி தெரிந்த மலைமுகட்டில் வழிகாட்டி எதற்கு?

மலைமுகட்டில் நடக்க ஏன் ஒரு கைடு வேண்டும் என்று கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கேள்வி நியாயமானதுதான். காட்டுக்குள் பாதை பிரியும், பிறகு காணாமலே போகும். பரந்த மேட்டுநிலத்தில் நாலு திசையும் ஒன்றுபோல இருக்கும். முகட்டில் அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. வலப்பக்கம் சரிவு, இடப்பக்கம் சரிவு, நடுவில் ஓட்டுக்கூரையின் உச்சிபோல ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் அடுத்த சிகரம் வந்துவிடும். இதற்குப் போய் ஒருவருக்குப் பணம் கொடுத்துக் கூட்டிப்போக வேண்டுமா?

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைகளில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். உயரத்தை மட்டும் பார்த்தால் அவை பெரிய மலைகளே அல்ல. பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான். ஆனாலும் அங்கே கைடுடன் முகட்டு நடை போவது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஒரு நாள் நடை, வார இறுதி நடை, ஐந்தாறு நாள் தொடர் நடை என்று விதவிதமாக நடக்கிறது. நானும் சில முறை போயிருக்கிறேன். போய் வந்தபின் எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. முகட்டின் மேல் போகும் வழியை மலையே காட்டிவிடும். கைடின் திறமை முழுக்க இறங்குவதில் இருக்கிறது. எங்கே இறங்கலாம், எங்கே இறங்கவே கூடாது, எத்தனை மணிக்குள் இறங்கியாக வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பதற்காகத்தான் அவரை நாம் அழைத்துப் போகிறோம்.

பனி குடைந்த சுவர்

இந்த முகடுகள் எப்படி உருவாயின என்று தெரிந்துகொண்டால், இறங்குவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். ஹைலேண்ட்ஸின் பெரும்பகுதி, 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கண்டங்கள் மோதி எழுந்த ஒரு பெருமலைத் தொடரின் தேய்ந்துபோன மிச்சம். அதற்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தது பனியுகம். மலையின் பக்கங்களில் சேர்ந்த பனி இறுகி, பனியாறாக நகர்ந்து, பாறையைச் சுரண்டிச் சுரண்டிப் பெரிய கிண்ணங்களாகக் குடைந்தது. அந்தக் கிண்ணத்துக்கு அங்குள்ள கேலிக் மொழியில் கோரி என்று பெயர். ஒரே மலையை இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கிண்ணங்கள் குடைந்துகொண்டே வந்தால் நடுவில் என்ன மிஞ்சும்? ஒரு மெல்லிய சுவர். அந்தச் சுவரின் மேல்விளிம்புதான் நாம் நடக்கிற கூர்முகடு. கடைசிப் பனியாறுகள் சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன்பே உருகிப் போய்விட்டன. சுவர் மட்டும் நிற்கிறது.

ஆக, முகட்டிலிருந்து பக்கவாட்டில் இறங்குவது என்றால் கிண்ணத்தின் உட்சுவரில் இறங்குவது. இதில் ஒரு பொல்லாத கண்ணி இருக்கிறது. மேலே நின்று பார்க்கிறவருக்கு முதல் இருபது, முப்பது மீட்டர் சாதுவான புல்சரிவாகத் தெரியும். சரிவு வெளிப்புறமாகப் புடைத்திருப்பதால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது கண்ணில் படாது. கீழே ரோடு தெரியும், காரெல்லாம் தெரியும், நடுவிலுள்ள நூறு மீட்டர் பாறைச் செங்குத்து மட்டும் தெரியாது. களைத்துப் போனவர், 'இதோ ரோடு தெரிகிறதே, இப்படியே இறங்கிவிடலாம்' என்று கால் வைப்பது இந்த இடத்தில்தான். புல்லில் இறங்கி, ஈரப் பாறையில் இறங்கி, ஒரு கட்டத்தில் கீழேயும் போக முடியாமல் மேலேயும் ஏற முடியாமல் மாட்டிக்கொள்வார்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் க்ளென்கோ பள்ளத்தாக்கின் வடபுறத்தில் நிற்கும் அனாக் ஏகாக். பெயருக்குப் பொருளே 'பல்பல்லாக வெட்டுப்பட்ட முகடு' என்பதுதான். கிழக்கே ஆம் பொடாக் என்ற சிகரத்தில் ஏறி முகட்டைப் பிடித்தால், மேற்கே 967 மீட்டர் உயர ஸ்கோர் நாம் ஃபியானி வரை போகலாம். இடையில் சில இடங்களில் முகடு ஒரு ஆள் கால் வைக்கும் அகலத்துக்குக் குறுகும். கையையும் ஊன்றித்தான் போக வேண்டும். ஆனால் அந்தக் குறுகலைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. குறுகலான பகுதிக்குள் போய்விட்டால், க்ளென்கோ ரோடு இருக்கும் தெற்குப் பக்கம் பத்திரமாக இறங்க வழியே கிடையாது. ஒன்று, முன்னால் போய் முடிக்க வேண்டும். இல்லை, வந்த வழியே திரும்ப வேண்டும். முடித்த பிறகும் ஆபத்து முடியாது. கடைசிச் சிகரத்திலிருந்து கீழே தெரிகிற விடுதியை நோக்கி நேராக இறங்கத் தோன்றும். அந்தப் பக்கம் உடைந்த கற்களும் ஆழமான ஒரு பாறைப்பிளவுமாக இருக்கிறது. அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. நல்ல கைடு அந்த நேர்வழியைத் தொடமாட்டார். சுற்றி, மேற்கே உள்ள கணவாய்க்குப் போய் அங்கிருந்து இறங்குவார். ஏழெட்டு மணி நேரம் நடந்து முழங்கால் வலிக்கும்போது 'இன்னும் கொஞ்சம் சுற்றிப் போகலாம்' என்று சொல்வதற்கும், சொன்னதைக் கேட்க வைப்பதற்கும் ஒரு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தைத்தான் காலையிலேயே நாம் அவரிடம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

எல்லா முகடும் இப்படிக் கடுமையானதல்ல. க்ளென் ஷீல் பள்ளத்தாக்கின் தென்புற முகட்டில் ஒரே நாளில் ஏழு மன்ரோக்களைத் தொடலாம். மன்ரோ என்றால் ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு மேற்பட்ட மலை. சர் ஹியூ மன்ரோ 1891-ல் முதல் பட்டியலைப் போட்டதால் அந்தப் பெயர். இன்றைய கணக்கில் 282 மலைகள். அவை அத்தனையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. தென்முகடு பெரும்பாலும் அகலமானது, கையூன்ற வேண்டிய இடங்கள் குறைவு. அதைவிட முக்கியமாக, வடக்கே ரோட்டை நோக்கிச் சில கிளைமுகடுகள் இறங்குகின்றன. வீட்டுக்குப் பல வாசல் இருப்பது மாதிரி. கிண்ணத்தின் சுவரில் இறங்காமல், இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே நீளும் கிளையின் முதுகில் இறங்கலாம். கைடுகள் ஒரு முகட்டை மனத்தில் வைத்திருப்பது சிகரங்களின் வரிசையாக அல்ல, இந்த வாசல்களின் வரிசையாக. முதல் வாசல் எங்கே, அடுத்தது எவ்வளவு தூரம், எதைத் தாண்டினால் அப்புறம் வாசலே கிடையாது என்பதுதான் அவர்கள் கணக்கு.

காற்று, கடிகாரம், மேகம்

முகட்டில் காற்று வேறு குணம். கீழே பள்ளத்தாக்கில் இலை அசைகிற அளவுதான் இருக்கும். அதே காற்று மலையில் மோதி மேலேறும்போது நெருக்கப்பட்டு, முகட்டைத் தாண்டும் இடத்தில் வேகமெடுக்கும். கணவாயில் இன்னும் மோசம், புனலில் ஊற்றியது போலப் பாயும். வேகம் இரண்டு மடங்கானால் நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகிவிடும் என்பதை முன்னறிவிப்பு பார்க்கிறவர்கள் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மணிக்கு 30 கி.மீ. காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். 60-ஐத் தாண்டினால் குறுகிய முகட்டில் ஒவ்வொரு அடியும் போராட்டம். கேர்ன்கார்ம் மலை உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 278 கி.மீ. வேகத்தில் ஒரு வீச்சு பதிவானது. அது சாதனை அளவு என்றாலும், அந்த ஊர்க் காற்று எந்த எல்லைக்குப் போகும் என்பதைக் காட்டுகிறது. அதனால்தான் கைடுகள் காலையில் மழையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே காற்றைப் பார்க்கிறார்கள். மழையில் நனையலாம், காயலாம். முகட்டில் காற்று தள்ளினால் ஒரு எட்டு தவறினாலே போதும்.

காற்றால் ஒரே ஒரு லாபம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஹைலேண்ட்ஸ் கோடையில் மிட்ஜ் என்ற பொடிக் கொசு போன்ற பூச்சி, பள்ளத்தாக்கில் நிற்கவிடாமல் கடித்துத் தள்ளும். லேசான காற்றிலேயே அதனால் பறக்க முடியாது. ஜூலையில் கீழே முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு கிளம்பி, முகட்டுக்கு வந்ததும் வலையைக் கழற்றி மூச்சு விடுகிற சுகம் சாதாரணமானதல்ல.

நேரக் கணக்குக்கு வருவோம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இன்றைய அளவுகளில் 5 கி.மீ.க்கு ஒரு மணி, 100 மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். 20 கி.மீ. நீளமும் 1,500 மீட்டர் ஏற்றமும் உள்ள முகட்டு நடைக்கு ஆறரை மணி நேரம் வரும். ஆனால் இதில் சாப்பிட நிற்பது இல்லை, போட்டோ இல்லை, ஷூ லேஸ் இல்லை, எதிர்க்காற்று இல்லை, கையூன்றி ஏறும் இடத்தில் எட்டுப் பேர் வரிசையில் காத்திருப்பதும் இல்லை. அப்புறம், ஒரு குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகம். கைடு முதல் ஒரு மணி நேரத்தில் நம்மோடு பேசிக்கொண்டே வருவார். குடும்பம், வேலை, போன வருஷம் எங்கே போனீர்கள் என்று ஏதாவது. அரட்டை மாதிரிதான் இருக்கும். உண்மையில் யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் பேச்சை நிறுத்திவிட்டார், யார் இறக்கத்தில் பக்கவாட்டாகக் கால் வைக்கிறார் என்று கணக்கெடுத்துக்கொண்டிருப்பார். டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் ஏழு மணி நேரம்கூட முழுசாக இருக்காது. அப்போது இந்தக் கணக்கு அரை மணி நேரம் பிசகினாலும் முகட்டிலேயே இருட்டிவிடும்.

மேகத்தைப் பற்றி நான் விளக்குவதைவிட நடந்ததைச் சொல்வது மேல். பென் நெவிஸுக்கு எல்லோரும் போகிற பெரிய பாதை ஒன்று உண்டு. அதற்குப் பதிலாக, பக்கத்திலுள்ள கார்ன் மோர் ஜெராக் என்ற 1,220 மீட்டர் மலையில் ஏறி, அங்கிருந்து அரைவட்டமாக வளையும் ஒரு கூர்முகட்டின் வழியாக பென் நெவிஸைப் பிடிக்கலாம். முகடு முடிகிற இடத்திலிருந்து உச்சிக்குச் சுமார் 300 மீட்டர் ஏற்றம், முழுக்கப் பெருங்கற்கள். நாங்கள் ஐந்து பேர், ஒரு கைடு. முகடு முழுக்க நல்ல வெயில். கடைசிக் கல்லேற்றத்தில் மேகம் இறங்கியது. உச்சிக்கு வந்தபோது முன்னால் போகிறவரின் பை நிறம் மட்டும்தான் தெரிந்தது. அங்கே 1883 முதல் 1904 வரை இயங்கிய வானிலை நிலையத்தின் இடிந்த சுவர்கள் உண்டு. அவற்றைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் இருக்கின்றன என்று நம்பினோம்.

பென் நெவிஸ் உச்சி தட்டையாகத்தான் இருக்கும். ஆனால் வடக்கே பாறைப்பிளவுகள் உச்சியின் ஓரம்வரை கடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. தென்மேற்கே ஐந்துவிரல் பிளவு என்ற இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவேதான் பத்திரமான வழி. கைடு காம்பஸை எடுத்து 231 டிகிரி வைத்தார். உச்சிக் கல்தூணிலிருந்து அந்தத் திசையில் சரியாக 150 மீட்டர், பிறகு 282 டிகிரிக்குத் திரும்ப வேண்டும். பென் நெவிஸ் போகிறவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்யும் இரண்டு எண்கள் இவை. அவர் என்னிடம் திரும்பி, "உங்கள் நடையில் நூறு மீட்டருக்கு எத்தனை எட்டு?" என்று கேட்டார். காலையில் ரோட்டோரம் எங்களை நடக்கவிட்டு அதை எண்ண வைத்திருந்தார். எதற்கென்று அப்போது புரியவில்லை. இடது காலை மட்டும் எண்ணினால் எனக்கு 66 வந்திருந்தது. "அப்படியானால் 99 எண்ணுங்கள். யார் பேசினாலும் பதில் சொல்லாதீர்கள்" என்றார்.

நான் எண்ணினேன். அவர் காம்பஸைப் பார்த்து முன்னால் நடந்தார். எனக்குப் பின்னால் நாலு பேர் ஒருவர் பையை ஒருவர் பார்த்தபடி வந்தார்கள். நாற்பதைத் தாண்டும்போது வலப்பக்கம் மேகத்துக்குள் வெளிச்சம் கொஞ்சம் மாறியது. வெண்மைக்குள் இன்னும் ஆழமான ஒரு வெண்மை. அதுதான் வடக்குப் பிளவு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 99 வந்ததும் கையைத் தூக்கினேன். அவரும் தன் கணக்கில் அதே இடத்துக்கு வந்திருந்தார், இரண்டு எட்டு வித்தியாசம். காம்பஸைத் திருப்பினார். சிறிது நேரத்தில் மேகத்திலிருந்து ஆள் உயரக் கற்குவியல் ஒன்று வந்து நின்றது. எல்லோர் கையிலும் போன் இருந்தது, ஜிபிஎஸ்ஸும் வேலை செய்தது. ஆனால் குளிரில் பேட்டரி படுத்துவிடும், நனைந்த விரலுக்குத் திரை அசையாது. அதை நம்பி அந்தத் தட்டையில் நிற்க நான் தயாராக இல்லை. அவரும் போனைப் பார்த்தார், ஒரே ஒரு முறை, எண்ணிக்கை சரியா என்று ஒத்துப் பார்க்க.

கூலினும் அதன் பழைய கைடுகளும்

இந்தத் தொழிலின் வேர் ஸ்கை தீவில் இருக்கிறது. அங்குள்ள கூலின் மலைத்தொடரின் கறுப்பு முகடு சுமார் 12 கி.மீ. நீளம். பதினொரு மன்ரோக்கள் அந்த ஒரே முகட்டில் நிற்கின்றன. பாறை கரடுமுரடானது, கையைக் கிழிக்கும், ஆனால் பிடி விடாது. நடுநடுவே குறுக்கே ஓடும் வேறுவகைப் பாறை மழையில் சோப்புப் போல வழுக்கும். இதெல்லாம் போதாதென்று பாறையில் காந்தத் தன்மை வேறு. பென் நெவிஸில் உயிரைக் காத்த அதே காம்பஸ் இங்கே சில இடங்களில் பொய் சொல்லும். மேகத்தில் இங்கே நம்ப முடிகிற ஒரே கருவி, அந்தப் பாறையை முன்பே பார்த்த மனிதரின் நினைவு.

1836-ல் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் என்ற எடின்பரோ பேராசிரியர் அங்குள்ள 964 மீட்டர் உயர ஸ்கூர் நான் கில்லியனில் ஏறினார். பதிவான முதல் ஏற்றம் அதுதான். வழி காட்டியவர் டங்கன் மேக்கின்டயர் என்ற உள்ளூர்க்காரர். பேராசிரியர் பின்னாளில் அந்த மலையில் பழைய பனியாறுகளின் தடங்களை விவரித்து எழுதியவர். தொடரின் உயரமான சிகரமான ஸ்கூர் அலஸ்டரில் (992 மீட்டர்) 1873-ல் முதலில் ஏறியவர் அலெக்சாண்டர் நிக்கல்சன். அவரும் தனியாகப் போகவில்லை, ஒரு மேய்ப்பரோடுதான் போனார். சிகரத்துக்கு நிக்கல்சனின் பெயர் கிடைத்தது; அலெக்சாண்டர்தான் கேலிக்கில் அலஸ்டர். இப்படித்தான் பெரும்பாலும் நடந்திருக்கிறது. ஏற வந்தவர் பெயர் வரைபடத்தில் இடம்பெறும், கூட்டிப்போனவர் பெயர் அடிக்குறிப்பில் தங்கும்.

விதிவிலக்கு ஜான் மெக்கென்ஸி. 1856-ல் ஸ்கையில் பிறந்து, 1933-ல் இறக்கும்வரை அந்தத் தீவுக்காரராகவே வாழ்ந்தவர். ஸ்காட்லாந்தின் முதல் தொழில்முறை மலைக்கைடு என்று அவரைச் சொல்வார்கள். நார்மன் கோலி என்ற வேதியியல் விஞ்ஞானி கூலினைத் தேடித் தேடி ஏறியதெல்லாம் பெரும்பாலும் மெக்கென்ஸியோடுதான். கைடும் வாடிக்கையாளருமாகத் தொடங்கிய உறவு வாழ்நாள் நட்பாயிற்று. கோலி 1942-ல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே ஸ்ட்ரூவன் என்ற ஊரில் மெக்கென்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கூலினில் மெக்கென்ஸி பெயரில் ஒரு சிகரமே இருக்கிறது. 2020-ல் இருவருக்கும் சேர்த்து ஸ்லிகாகனில் வெண்கலச் சிலை வைத்தார்கள். கைடின் பங்கு வெளியில் தெரியும்படி கௌரவிக்கப்பட்ட அபூர்வமான இடம் அது. அதைப் படித்தபோது எனக்கு மனது நிறைந்தது.

முழு முகட்டையும் ஒரே நாளில் முதலில் கடந்தவர்கள் ஷேட்போல்ட், மெக்லாரன் என்ற இருவர், 1911-ல். இன்று அதே பயணத்தைக் கைடுகள் பெரும்பாலும் இரண்டு நாளாகப் பிரித்து, ஒரு கைடுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் மட்டும் கூட்டிப்போகிறார்கள். காரணம் கயிறு. நடையாகப் போகும்போது கைடு பின்னால் வருகிறவர்களைக் குட்டையாகப் பிடித்த கயிற்றில் இணைத்திருப்பார். ஒருவர் சறுக்கினால், சறுக்கல் விழுகையாக மாறும் முன்பே இழுத்து நிறுத்த வேண்டும். அதற்கு அவர் எப்போதும் உறுதியாக நிற்க வேண்டும், கயிறு எப்போதும் தளராமல் இருக்க வேண்டும். இரண்டு பேர் வரை இதைச் செய்யலாம். ஆறு பேரைக் கயிற்றில் கட்டி ஒருவர் காப்பாற்றுவேன் என்று சொன்னால் அவரோடு போகாதீர்கள்.

யாரை நம்பிப் போவது

பிரிட்டனில் கைடு என்று சொல்லிக்கொள்ளச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. வயது வந்தவர்களை மலைக்குக் கூட்டிப்போக எவர் வேண்டுமானாலும் விளம்பரம் போடலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சாகச நடவடிக்கை நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும், 1995-ல் வந்த சட்டத்தின் கீழ் உரிமம் கட்டாயமானது. ஆகவே, தகுதிச் சான்று என்ன என்று கேட்பது நம் பொறுப்பாகிவிடுகிறது.

சான்றுகளில் படிகள் உண்டு. கோடை நடைக்கு மவுன்டன் லீடர் என்ற சான்று. பயிற்சிக்குச் சேரவே இருபது தரமான மலை நாட்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும், தேர்வுக்கு நாற்பது. பனிக்காலத்துக்குத் தனிச் சான்று. இந்த இரண்டிலும் ஒரு கோடு தெளிவாகப் போடப்பட்டிருக்கிறது. கயிறு பயன்படுத்துவோம் என்று முன்கூட்டியே திட்டமிடுகிற இடத்துக்கு இந்தச் சான்றோடு கூட்டிப்போகக் கூடாது. எதிர்பாராமல் சிக்கிக்கொண்டால் மீட்கத்தான் கயிறு. அனாக் ஏகாக், கூலின் போன்ற இடங்களுக்கு அதற்கு மேற்பட்ட மலையேற்றப் பயிற்றுநர் சான்றோ, சர்வதேச மலைக்கைடு பேட்ஜோ வேண்டும். தெற்கு க்ளென் ஷீல் முகட்டில் அருமையாக வழிநடத்துகிற ஒருவர், 'அனாக் ஏகாக் என் வேலை இல்லை, வேறொருவரிடம் போங்கள்' என்று சொன்னால் அவரைப் பற்றிய மரியாதை கூடத்தான் வேண்டும்.

இந்த ஒழுங்கு சும்மா வந்துவிடவில்லை. 1971 நவம்பரில் கேர்ன்கார்ம் மேட்டுநிலத்தில் பனிப்புயலில் சிக்கி, எடின்பரோவிலிருந்து வந்த ஐந்து பள்ளி மாணவர்களும், பயிற்சி நிலையிலிருந்த ஓர் இளம் பொறுப்பாளரும் உயிரிழந்தார்கள். தங்கப் போன சிறு குடிசையைப் பனியில் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. உயரத்தில் அப்படிப்பட்ட குடிசை இருப்பதே, போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற பொய் நம்பிக்கையைத் தருகிறது என்ற விவாதம் எழுந்து, பின்னர் சில குடிசைகளை இடித்தார்கள். குழந்தைகளைக் குளிர்கால மலைக்கு யார் கூட்டிப்போகலாம் என்ற கேள்வியை அந்த மரணங்களுக்குப் பிறகு யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு பக்கம், மலைக்குள் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2003-ல் நிறைவேறி 2005-ல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற எவரும் ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நிலத்தில் நடக்கலாம் என்கிறது. நிலம் தனியாருடையதாக இருந்தாலும் சரி. பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிற கைடுக்கும் அதே உரிமை உண்டு. நுழைவுச் சீட்டு இல்லை, கேட் இல்லை, இத்தனை பேர்தான் என்ற வரம்பு இல்லை. மான் வேட்டை நடக்கும் இலையுதிர்காலத்தில் எந்தப் பக்கம் தவிர்க்கலாம் என்று எஸ்டேட்டுகள் அறிவிப்பு வைக்கும். முகட்டையே பிடித்து நடப்பவர்களால் பொதுவாகத் தொந்தரவு குறைவு. இந்தச் சுதந்திரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். காற்று கடுமையாக இருக்கிறது, இன்று முகடு மூடப்பட்டிருக்கிறது என்று பலகை வைக்க அங்கே ஆள் கிடையாது. போகாதே என்று சொல்லும் அந்த ஒரு வேலையையும் கைடுதான் செய்தாக வேண்டும். அவரும் சொல்லத் தவறினால் அடுத்து வருவது மீட்புக் குழு. அவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், மீட்டதற்குக் கட்டணம் கேட்பதில்லை. நடுராத்திரியில் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வருகிற அவர்களை நினைத்தாவது நாம் நேரத்தோடு இறங்க வேண்டும்.

குளிர்காலம் இதையெல்லாம் இன்னொரு படி கடுமையாக்குகிறது. பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று பனியை முகட்டின் மறுபுறத்துக்குத் தள்ளி, விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நீளும் பனிக்கூரையாகக் கட்டிவைக்கும். மேலே நிற்பவருக்கு அது திடமான தரையாகத்தான் தெரியும். உடையும்போது விளிம்பில் மட்டும் உடையாது, நாம் பத்திரம் என்று நினைத்த இடத்துக்கும் பின்னாலிருந்து பெயரும். அதனால் கைடு விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நடத்துவார். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ஆறு பகுதிகளுக்குத் தினமும் பனிச்சரிவு முன்னறிவிப்பு வருகிறது. அதைப் பார்க்காமல் காலையில் கிளம்புகிற கைடை நான் பார்த்ததில்லை.

கைடுடன் போனால் சுயமாக மலை ஏறும் திறன் மழுங்கிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. கைடைப் பொறுத்தது அது. மேப்பைத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பின்னால் வாருங்கள் என்று மட்டும் சொல்கிறவரோடு பத்து முறை போனாலும் நாம் பயணியாகத்தான் இருப்போம். காலடியை எண்ணக் கற்றுக்கொடுத்தவரோடு ஒரு நாள் போனாலே கையில் ஏதோ மிஞ்சும்.

தெற்கு க்ளென் ஷீலில் ஒரு செப்டம்பர் நாள். ஏழில் நான்காவது சிகரமான மவோல் கின் ஜெராக்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது, காற்று குறைவு. எங்களில் ஒருவர் கடைசி இறக்கத்தில் இரண்டு முறை முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. கைடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்காலைப் பற்றிக் கேட்காமல் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். பிறகு மணியைப் பார்த்தார். எழுந்து, மேற்கே நீண்டிருந்த முகட்டைக் காட்டாமல், வலப்பக்கம் வடக்கே இறங்கும் கிளைமுகட்டைக் காட்டி, "இன்றைக்கு இப்படி" என்றார். முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் ஏமாற்றம்தான். இன்னும் மூன்று சிகரம், வெளிச்சம் வேறு இருந்தது.

ரோட்டுக்கு வந்து சேர நாங்கள் நினைத்ததைவிட ஒன்றரை மணி நேரம் அதிகமாயிற்று. முழங்கால்காரர் கடைசிப் பகுதியை இரண்டு கோல்களின் மேல் சாய்ந்தே இறங்கினார். வேனுக்குள் ஈர ஷூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, விட்டுவந்த மூன்று சிகரங்களின் மேல் கடைசி வெயில் பட்டுச் செம்பாக எரிந்தது. கைடும் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பி, நாளைக் காலை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டார்.